ஐந்து மீட்டர்

மண்டபம் வடக்குக் கடற்கரை.
ஈர மணலில் குப்புறக் கிடக்கிறேன்,
கண் நீர்மட்டத்துக்கு இறங்கும்படி
தாடையைப் புதைத்து.

"என்னத்தத் தொலைச்ச, கம்மலா?"
நண்டுவலையோடு போகிற ரொசாலி நின்று கேட்கிறாள்.
"அஞ்சு மீட்டரு" என்கிறேன்.
வாயெல்லாம் மணல்.

செல்போனில் அண்ணன், இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்துகிறான்:
"ஜிபிஎஸ்ல நாலேகால் மைலு. தெரியுதா இன்னும்?"
"கூண்டு உச்சி தெரியுது. கொடி தெரியுது.
படகத்தான் காணோம்."

எட்டு கிலோமீட்டருக்குள்
கடல் ஐந்து மீட்டர் குனிந்துவிடுகிறது.
கைநழுவிய ஈயக்குண்டு
முதல் நொடியில் விழுவதும் அதே ஐந்து.
ஐஸ் பிளாண்ட் ரசீதின் முதுகில்
இந்த இரண்டு கணக்கும் நேற்றிரவு
ஒன்றையொன்று தொட்டன.
அதிலிருந்து தூக்கமில்லை.

நொடிக்கு எட்டு கிலோமீட்டர் பாய்கிற கல்
விழும்.
விழ விழத்
தரையும் அவ்வளவே விலகும்.
காற்று குறுக்கே வராவிட்டால், என்கிறது புத்தகம்.
இங்கே காற்று எதில்தான் குறுக்கே வரவில்லை?

அப்படியானால் கயிறு இல்லை,
நங்கூரம் இல்லை.
நிலா விழுந்துகொண்டிருக்கிறது.
அண்ணனுக்குத் தூரம் சொல்கிற செயற்கைக்கோள்களும்
விழுந்தபடியேதான் சொல்லியிருக்கின்றன,
நாலேகால் என்று.
ஒன்றுகூடக் குரல் நடுங்காமல்.

"ஏய், லைன்ல இருக்கியா?"
இருக்கிறேன்.
கொடியும் போய்விட்டது.

எழுந்து மணலைத் தட்டுகிறேன்.
ரொசாலி கேட்டாளே என்று
காதைத் தொட்டுப் பார்த்தால்
ஒன்றுதான் இருக்கிறது.