பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக் கொப்பிக் கடையின் பின்பாதி என் கந்தோர்.
ஒல்லாந்தத் தளபதி ஒருவனின் பெயர் இந்த மேட்டுக்கு;
தமிழில் புதுக்கடை.
எந்தக் கடை, எப்போது புதிது, கேட்காதீர்கள்.
கீழே, ஓநாய்ப் பள்ளத்தாக்கென்று அவர்கள் எழுதிவைத்த தெருவுக்கு
நாங்கள் வைத்த பெயர் ஆட்டுப்பட்டி.
ஓநாயும் ஆடும் ஒரே கடித உறையில் வரும்.

மழையோடு வந்தாள்
ஒட்டிலியா ஸொண்டர்லாண்ட்,
அறுபத்தேழு வயது, மட்டக்களப்பில் பிறப்பு,
தந்தை தச்சர்.
பேர்த்தில் இருக்கும் தம்பியிடம் போகவேண்டும்.
பிறப்புச் சான்றிதழைச் சுற்றி ஒரு சிலிசிலிப் பை,
அதைச் சுற்றி இன்னொன்று.

யாரோ ஒரு பதிவாளர்
கறுத்த மையில், அவசரமில்லாமல்,
ஒவ்வோர் எழுத்துக்கும் குடை பிடித்ததுபோல் எழுதியிருந்தார்:
சொந்தர்லாந்து.

"பாஸ்போட்டில ஒண்டு, இதில ஒண்டு.
ரெண்டும் ஒரே ஆள்தானா எண்டு
என்னையே கேட்டாங்கள் தம்பி.
நான் என்னத்தச் சொல்ல?"

நானும் கேட்டேன், வேறு கேள்வி.
பெயருக்குப் பொருள் உண்டா?

"ஸொண்டர் எண்டா இல்லாமல்.
லாண்ட், நிலம்."
வயலைக் கடல் தின்ற ஒருவன் என்று ஒரு கதை.
அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது
கடைசியாய் வந்தவன் என்று ஒரு கதை.
கப்பலில் ஏற்றும் கணக்கன் எந்த ஊரென்று கேட்க
வெறும் கையை விரித்தவன் என்று இன்னொன்று.
"பப்பா எத்தனை கிளாஸ் எண்டதைப் பொறுத்து
கதை மாறும்.
மூண்டும் பொய்யாத்தான் இருக்கும்."

நிலமில்லாதவன் இரண்டு கடல் தாண்டி
வாவிக்கரைக்கு வந்து
தமிழ் எழுத்தில் விழுந்ததும்
சொந்தக்காரன் ஆகிவிட்டான்.
பதிவாளருக்குக் காது மந்தமா,
மனது இளகலா,
சான்றிதழில் அதற்குக் கட்டமில்லை.

"எழுதி என்ன தம்பி,
சூறாவளியோட கூரையும் போச்சு.
பிறகு தெமட்டகொட, ரயில்வே குவாட்டர்ஸ்.
பிறகு வாடகை.
பிறகும் வாடகை."
சிரித்தாள். முன்பல் ஒன்று தங்கம்.
"லாண்ட் எண்டா நாடும்தான், தெரியுமா?"

தெரியும்.
எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் கிடையாது.
மூக்கையா மகன் நான், அவ்வளவுதான்.
பொகவந்தலாவ லயத்தில் பிறந்த மூக்கையாவுக்கு
அரசாங்கம் ஒரு சொல் தந்தது, முத்திரை குத்தி:
நாடற்றவர்.
இருபத்திரண்டு வருடம் அதைச் சட்டைப் பையில் மடித்துவைத்திருந்தார்.
மடிப்பில் கிழிந்தபோது சோற்றுப் பசையால் ஒட்டினார்.
இந்த மேசையின் இரண்டாம் இழுப்பறையில்
இப்போதும் இருக்கிறது.
அவளிடம் சொல்லவில்லை.
கட்டணம் ஆயிரத்தைந்நூறு என்றுமட்டும் சொன்னேன்.

சத்தியம் செய்து வாங்கிய வேலை இது.
பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது,
ஒலியை மட்டும் கடத்தலாம்.
கடத்தினேன். பாஸ்போட்டில் உள்ளபடியே.
அடிக்குறிப்பில், மூலத்தில் எழுத்துப் பிழை என்று
அடிக்கத் தொடங்க,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எட்டிப் பார்த்தாள்.

"பிழை எண்டு போடாதேங்க.
அந்த மனிசன் பாவம்.
வேற மாதிரி எழுதியிருக்கு எண்டு போடுங்க."

போட்டேன்.
ரப்பர் முத்திரைக்கு மை போதாமல் இரண்டு தரம் குத்தினேன்.
நூறு ரூபாய்த் தாள்களாய் எண்ணித் தந்தாள்,
இரண்டு பைகளையும் உதறி மடித்தாள்,
தெருவில் இறங்கிவிட்டாள்.

கொப்பி மெசினின் கண்ணாடியில்
மூலம் கவிழ்ந்து கிடந்தது.
எடுத்துப் புரட்டிய கடைப் பொடியன்
மழைக்கு மேலால் கத்தினான்:
"சொந்தர்லாந்து அம்மா!
சொந்தர்லாந்து அம்மா!"

ஒரு கணமும் யோசிக்காமல்
திரும்பினாள்.