மண்ணெண்ணெய் டின்

அந்த அறைக்குக் கதவு ஒன்று, ஜன்னல் கிடையாது.
உள்ளே நானும் ஒரு பச்சைக் கோடும்.
தலைக்கு மேலே, தளத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள்
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறங்கள் மாதிரித் தகடு.
சக்கரத்தைக் கையால் சுற்றினால் அவையும் சுற்றும்.
என் தோள் வலிக்கிற பக்கம்தான்
கப்பல் பார்க்கிற பக்கம்.

கோட்டின்மேல் ஓயாமல் சிலிர்க்கிறதே,
அதற்குப் புல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.
புல்லுக்குள் ஒரு தாள் நிமிர்ந்தால் அது இரும்பு.
இத்தனை கஜம், இந்தத் திசை என்று
பேச்சுக்குழாயில் சொல்வேன். அவ்வளவுதான் உத்தியோகம்.
வெளியே மூச்சுவிடக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.
காசிமேட்டில் கேட்டவர்களிடம்
கப்பலில் கக்கூஸ் கழுவுகிறேன் என்றேன்.
உடனே நம்பினார்கள்.
அதுதான் கொஞ்சம் வலித்தது.

நாற்பத்துமூன்று, ஐப்பசி.
பட்டணம் கறுப்புத்துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது,
கரையில் ஒரு பீடி நெருப்புகூட இல்லை.
கண்ணை வைக்காமலே நான் ஊரைப் பார்த்தேன்:
துறைமுகத்து அலைச்சுவர், நிலக்கரி கிரேன்,
ராயபுரத்து மாதா கோயில் கோபுரமாக இருக்கலாம் அது,
இல்லாமலும் இருக்கலாம்.
எல்லாம் பச்சை முள்ளாய் நின்றன.
கட்டுமரங்கள் மட்டும் இல்லை.

அந்த நேரத்துக்கு அவர்கள் வலை விட்டிருப்பார்கள்.
எனக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது.
ஊறிப்போன நாலு மரம், மேலே ஈரமாய் ஓர் உடம்பு;
அதன் கணக்கில் அதுவும் அலைதான்.
பதினாலு நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்.
என் தங்கை புருஷன் எட்டியப்பன்
அந்தப் புல்லுக்குள் எங்கேயோ.

முன்னால் ஏதோ தெரிகிறது, ஐயா, என்றேன்.
நான் ஆங்கிலத்தில் சொன்ன முதல் பொய்.
எவ்வளவு தூரம்?
தெளிவாக இல்லை, ஐயா.
எஞ்சின் தணிந்தது. லெப்டினென்ட் ஹார்க்னஸ் இறங்கி வந்து பார்த்தார்.
புல்.
கண்ணுக்கு ஓய்வு கொடு என்றார், நல்ல மனிதர்,
என் நாற்காலியில் அன்றைக்கு வேறொருவனை உட்காரவைத்தார்.

லீவில் போனபோது ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டினோம்.
மூணு தகடு; வீட்டு மூலையில் ரெண்டு சுவரும் தரையும்
சேருகிற மாதிரி, கோணல் கூடாது.
கழியிலே கட்டி உசரமா நிறுத்து, மச்சான்.
இன்னாத்துக்கு?
கேக்காதே.
சாமி சமாச்சாரமா?
அப்படித்தான் வச்சிக்கோ.
குங்குமம் வைத்தான். எலுமிச்சம்பழம் ஒன்றையும் கட்டினான்.
எலுமிச்சம்பழம் எங்களுக்குத் தெரியாது என்று
அவனிடம் எப்படிச் சொல்வேன்?

அடுத்த ரோந்து. வடகிழக்கில் இரண்டாயிரம் கஜத்தில்
ஒரு நுனி எழுந்தது, அமுங்கியது, மறுபடி எழுந்தது.
அலையேறி இறங்குகிறான் என் மச்சான்,
பச்சையாக, நகத்தளவு.
சிறு படகு, நம்முடையது, என்றேன் குழாயில்.
நம்முடையது என்று உனக்கு எப்படித் தெரியும்?
ஐயா, என்றேன்.
அதற்குமேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

ஒருத்தன் மரத்தில் சாமி ஏறினால்
குப்பத்தில் மற்ற மரமெல்லாம் சும்மா இருக்குமா?
கார்த்திகைக்குள் பன்னிரண்டு நுனி.
காரணம் புலப்படாத எதிரொலிகள் என்று
ஹார்க்னஸ் பதிவேட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.
நான் அவற்றை எண்ணப் பழகிவிட்டேன்,
வேலை நேரத்தில் செய்யக் கூடாத காரியம்.

ஓர் இரவு பதினொன்று.
சக்கரத்தை முதலிலிருந்து சுற்றினேன். பதினொன்று.
எவன் என்று புல் சொல்லாது.
வெளியே மழை; யார் வீட்டிலோ கூரை ஒழுகியிருக்கும்,
அடைக்கத் தகடு தேவைப்பட்டிருக்கும்.
டின் தகடு ஒழுகலுக்கு நல்லது.
தோள் வலிக்க
இன்னொரு சுற்று.