ஓராள் கூலி

ஐந்து ரோடு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
படிவம் கேட்கிறது:
வயது, எடை, உயரம்,
கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி,
சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா.
முப்பத்தொன்று என்று எழுதினேன்.
என் ரத்தம் நாற்பத்தைந்து என்கிறது.

டாக்டர் ஜெசிந்தா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.
வட்டத்துக்குள் இன்னொன்று.
அதற்குள் பேனா முனையால் பொட்டுப் பொட்டாக.
"முட்டையெல்லாம் இப்ப உண்டாகறதில்லம்மா.
நீங்க உங்கம்மா வயித்துல அஞ்சு மாசமா இருந்தப்பவே
அறுபது எழுபது லட்சம் இருந்துச்சு.
அப்புறம் செலவுதான். வரவு கிடையாது."
பைலை மூடும்போது, போகிற போக்கில்:
"அப்ப அம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வெளியே வந்து நாகலூருக்குப் போன் போட்டேன்.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
சில்வர் ஓக் கிளைகளில் சிக்கிச் சிக்கி
அம்மாவின் குரல் வந்தது.

"நீ வயித்துல இருக்கறப்பவா?
சித்திரைல தண்டு தேய்க்கற வேலதான்."

நார் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு
காப்பிச் செடியின் செதிலை உரச வேண்டும்,
துளைப்பான் வண்டு முட்டை வைக்க
ஒரு வெடிப்புக்கூட இல்லாமல்.
பிறகு வாளியிலிருந்து மருந்தைத் தொட்டு
அடியிலிருந்து கவை வரைக்கும் பூச வேண்டும்.
வெறும் கை. முழங்கை வரை வழியும்.
மத்தியானம் அதே கையில் சோறு.

"தலை சுத்தும். வாய்ல ஒரு கசப்பு.
மசக்கை இன்னும் விடலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

சாயங்காலம் மேஸ்திரி பொன்னுரங்கம்
பேர்நோட்டை விரித்து
வெள்ளச்சி, ஓர் ஆள் என்று எழுதியிருப்பான்.
அந்த நிழலில் நானும் இருந்தேன்.
எனக்குள் அறுபது லட்சம் பேர்
வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.
கூலி ஓராளுக்கு.

காலி டின்னை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி
வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.
மூடி இறுக்கமாக இருக்கும், எறும்பு ஏறாது.
அதில்தான் அரிசி போட்டு வைத்திருந்தாள்.
மண்டையோட்டுப் படத்தைக் கரித்துணியால் தேய்த்து
அழித்துவிட்டாளாம்.

மாமியார் ஆறு நாள் சஷ்டி விரதம் இருக்கச் சொல்கிறார்.
சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வருமாம்.
ஊர் வாயில் அது
சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று மாறிவிட்டது.
இரண்டில் எது சரி என்று
எனக்கு இப்போது கவலை இல்லை.
சட்டியில் என்ன இருந்தது என்று மட்டும்
யாராவது சொன்னால் போதும்.

டாக்டரும் சொல்லவில்லை.
"இருக்கலாம்," என்றார். "இல்லாமலும் இருக்கலாம்.
உங்க ஒருத்தரை வச்சு எப்படிச் சொல்றது?"
நேர்மையான பதில். எனக்குக் கோபம் வந்தது.
தண்டு தேய்த்த மற்றவர்கள் பெற்ற பெண்களை
யாரும் எண்ணி வைக்கவில்லை.
செடிகளுக்குக் கணக்கு இருந்தது,
ஒரு நாளைக்கு நூற்றிருபது.

அவள் பூசியது மருந்து.
தினமும் சாயங்காலம் ஆறரைக்கு
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
நானே குத்திக்கொள்வதும் மருந்து.
பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது.
ஒரு ஊசி, அம்மாவின் அந்த வருஷத்துக் கூலியைவிட அதிகம்.

"எதுக்குடி இப்ப இதெல்லாம் கேக்கற?"

"சும்மாதான்."

சும்மா என்பதை அவள் நம்பவில்லை.
ஆனால் பழைய வேலையைப் பற்றி
யாரும் அவளிடம் இதுவரை கேட்டதில்லை.
குரலில் கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது.

"மத்தவளுக வரிசையில ரெண்டாம் வருசமே
செடி வாடி, புடுங்கி எரிச்சாங்க.
நான் தேச்ச வரிசையில
ஒரு முட்டை தங்கல, தெரியுமா?
தொரையே வந்து பார்த்துட்டுப் போனாரு."

பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.
போனை வைக்காமல் எழுந்தேன்.
"ம்" என்றேன்.
"ம், சொல்லும்மா."