தேதி கேட்டார்

ஐப்பசி நான்காம் நாள்.
பொங்கோல் துறையில் கயிறு அவிழ்த்தபோது மணி ஐந்தேகால்.
விற்றுப்போன படகு.
மதியத்துக்குள் கெப்பலில் ஒப்படைக்கவேண்டும்.
சாவிக் கொத்தை இன்னும் விரலில் சுழற்றியபடி லிண்ட்க்விஸ்ட்,
பத்தொன்பது வருடம் இதை வைத்திருந்தவர்.
வாங்கியவரின் தம்பி ஃபட்லி,
மடியில் மூன்று நாசி லெமாக் பொட்டலம்.
நான் எஞ்சினுக்கு.
பேசிய கூலி நூற்றெண்பது வெள்ளி.

இடப்பக்கம் உபின், இருட்டின் இன்னொரு கட்டி.
மீன்பண்ணை மிதவைகளில் நாய்கள்
ஒன்று விட்ட குரைப்பை அடுத்தது எடுத்து
எங்களைக் கிழக்கே கொண்டுபோய் விட்டன.

சாங்கி முனையில் திரும்பினோம், தெற்கே.
தலைக்குமேல் சக்கரம் நீட்டி இறங்கும் விமானங்கள்.
"எங்கள் ஊரில் இந்த மாதம்
படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போர்த்துவோம்,
ஏப்ரல்வரை தூங்கும்.
இது பாவம், ஒருநாள்கூடத் தூங்கியதில்லை"
என்று சொல்லி, கைப்பிடியைத் துடைத்தார், துடைத்ததையே.

மேல்தளத்தில் கெத்தாப்பாங் இலை ஒன்று,
பாதி சிவப்பு, பாதி இன்னும் முடிவெடுக்காமல்.
எங்கள் இலையுதிர்காலம் இவ்வளவுதான் என்று காட்டினேன்.
அந்த மரம் தனக்குத் தோன்றும்போது உதிர்க்கும்,
நாள்காட்டி பார்க்காது.
பள்ளியில் ஒப்பித்த ஆறு பருவத்தில்
இப்போது கூதிர்; குளிரவேண்டும்.
சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

பிறகு கப்பல்கள்.
நங்கூரம் போட்டு, ஒரே பக்கம் முகம் வைத்து,
கூப்பன் எண்ணுக்குக் காத்திருப்பவர்கள்போல.
அவற்றின் நடுவில்தான்
வெப்பமுள் சிவப்புக்குப் போனது.
எஞ்சினை அணைத்தேன்.
அணைத்ததும் தெரிந்தது, கடல் எவ்வளவு சத்தம் என்று.

நீரோட்டம் எங்களை
ஒரு காலி டாங்கரின் பக்கம் தள்ளியது.
துருவேறிய பத்துமாடிச் சுவர்.
ஃபட்லி ரேடியோவில் யாரையோ கெஞ்ச,
தலைகீழாகத் தொங்கி பம்பு மூடியைத் திருகினேன்.
ஒரு திருகாணி அசையவில்லை.
அதன் அம்மாவை, அதைச் செய்தவனை,
செய்தவன் படித்த பள்ளிக்கூடத்தைத்
தமிழில் திட்டினேன், உரக்க.

"அண்ணே, இடதுபக்கமாத் திருப்புங்க!"

வானத்திலிருந்து வந்ததுபோல.
அண்ணாந்து பார்த்தேன்.
கம்பியின்மேல் ஆரஞ்சு நிற உடுப்பு, கையில் பெயிண்ட் டப்பா,
முகம் ஒரு நகமளவு.

"எந்த ஊரு?" என்றது நகம்.
"ஈசூன்."
"அது எங்க?"
"இங்கதான். நீங்க?"
"தருவைகுளம். ஏறி எட்டு மாசம்."
எட்டு மாதத்தில் ஆறு தடவை இங்கே நின்றானாம்.
"ராத்திரி லைட்டெல்லாம் பாப்பேன். இறங்க விடல."

திருகாணி இளகியது.
உள்ளே ஆறு ரப்பர் இறக்கையில் மூன்று இல்லை.
புதியதைப் பொருத்தும்போது மறுபடி குரல்,
காற்றில் பாதி கரைந்து:
"அண்ணே, தீபாவளி என்னைக்கு?"
"வர்ற திங்கள்!"
"திங்களா?"
"திங்கள்!"
விரல் மடக்கி எண்ணினான் போலிருந்தது.
அவ்வளவு உயரத்தில் விரல் தெரியாது.

எஞ்சின் இருமி, பிடித்தது.
நான் கையாட்டியபோது யாரோ அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.
டப்பா மட்டும் கம்பியில் தொங்கியது.

பெயர் கேட்டிருக்கலாம்.
ஃபட்லியின் மூன்றாவது பொட்டலம் பிரிக்காமல் இருந்தது;
எறிந்தாலும் எட்டியிருக்காது.

லிண்ட்க்விஸ்ட் கேட்டார்,
என்ன அப்படிக் கத்திக்கொண்டீர்கள் இரண்டுபேரும்?
தேதி கேட்டார் என்றேன்.
தேதிக்கா இவ்வளவு நேரம்?

சுமத்ரா பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
வேகத்தைக் கூட்டினேன்.
கெப்பல் கண்ணில்பட்டபோது முதல் தூறல்;
இலையைக் காணோம்.
சாவியை ஃபட்லியிடம் கொடுக்க
லிண்ட்க்விஸ்டுக்கு இரண்டு முறை கை நீட்டவேண்டியிருந்தது.
என் சட்டைப்பையில்
மூன்று இறக்கை ரப்பர், ஈரமாக,
எதற்கு எடுத்துவைத்தேன் என்று தெரியவில்லை.