முப்பத்துநாலு பிரேம்

முப்பத்துநாலு பிரேம்.
ஒன்றரை நொடிக்குச் சற்றே குறைவு.
அவ்வளவு நேரம் அந்த மூஸ் மான்
எதுவும் செய்யக்கூடாது என்றேன்.
பத்து போதும் என்றான் பிரீடிக்.
"குழந்தைகள் படம், லேலோ.
சும்மா நின்றால் கை பாப்கார்னுக்குப் போய்விடும்."
இரண்டு வாரம் சண்டை.
அதற்குள் டாலினில் பனி விழுந்து, உருகி,
மறுபடியும் விழுந்தது.

கதை இவ்வளவுதான்:
லஸ்னமே அடுக்குமாடியில் குடியேறுகிறது
ஒரு மூஸ் குடும்பம்.
பின்பக்கமாக லிஃப்டில் ஏறிய அப்பாவின் கொம்பு
கதவில் மாட்டிக்கொள்கிறது.
உடம்பு உள்ளே, முகம் வெளியே.
எதிர்வீட்டு நீர்நாய் அம்மாள்
குப்பைப் பையோடு வருகிறாள்.
அவர் கத்தவில்லை, உதறவில்லை.
"நாளைக்கு மழை வரும்போல" என்கிறார்.

மாட்டிக்கொண்டதில் சிரிப்பு இல்லை.
மாட்டிக்கொண்ட எவரைப் பார்த்தாலும்
மனசு முதலில் ஐயோ என்றுதான் சொல்லும்.
மாட்டவே இல்லை என்று நிற்கிறாரே,
மீசையில் மண் ஒட்டாத அந்த நிமிர்வு,
அதற்குத்தான் முப்பத்துநாலு.
காது மட்டும் ஒருமுறை துடிக்கும்.
அந்தக் காதைப் பதினொரு தடவை வரைந்தேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று
பிரீடிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.
என் ஆறாவது வயதில்
ஹெல்சிங்கி கப்பல் நிலையத்துக்குள்
சுங்க அதிகாரி ஹெல்டுர், முழுச் சீருடையில்,
எனக்காக விழாமல் நின்ற ஒரு சாக்லேட்டுக்கு
இயந்திரத்தின் வாய்க்குள் கைவிட்டார்.
தோள்வரை போனது. வரவில்லை.
நாற்பது நிமிடம்.
கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும்
அப்பா காலை வணக்கம் சொன்னார்.
ஒரு ஸ்வீடன்காரரிடம் பாஸ்போர்ட்டைக்கூட
வாங்கிப் பார்த்தார், இடது கையால்.
அம்மா வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
அந்த இடது கையில்
நனைந்த குடையை மாட்டிவிட்டுப் போய்
காபி குடித்தாள்.
எங்கள் வீட்டில் அதைப்பற்றி
இன்றுவரை யாரும் பேசியதில்லை.

சனிக்கிழமைக் காலை, வெள்ளோட்டக் காட்சி.
அறுபத்திரண்டு பேர், கடைசி வரிசையில் நான்,
எங்கே சிரிக்கிறார்கள் என்று கோடு போட ஒரு நோட்டு.
எங்கள் ஊரில் மூக்கால்தான் சிரிப்பார்கள்.
அதற்கும் அரைக்கோடு உண்டு.

லிஃப்ட் கதவு மூடியது.
பத்தாவது பிரேமில் பிரீடிக் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
(பத்தாவது என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கொண்டிருந்தேன்.)
பாப்கார்ன் பெட்டிகள் அமைதியாயின.
காது துடித்தது.
மூன்றாம் வரிசையில் ஒரு பொடியன்
"பொய் சொல்றார்!" என்று எழுந்தே நின்றுவிட்டான்.
அரங்கு உடைந்தது.
அம்மா மூஸ் படியேறி வந்து
கொம்பில் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டபோது
ஒன்பதாம் வரிசையிலிருந்து, எல்லோருக்கும் பிந்தி,
இருமலா அழுகையா என்று புரியாத ஒரு சத்தம்.
முன்இருக்கையைப் பிடித்துக்கொண்டு
குலுங்கிக் குலுங்கி அப்பா.
நோட்டில் அந்த இடம் இன்னும் காலி.

திரும்பும் டிராமில் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:
"எங்கள் ஆபீஸில் கல்யு என்று ஒருத்தன்.
அச்சு அசல் அவனேதான்.
எங்கே பார்த்தாய் அவனை?"

நான் டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அம்மாவின்
தோள்கள் மட்டும் ஆடின.
"என்ன விர்வே, என்ன சிரிப்பு?"

"ஒன்றுமில்லை," என்றாள், வெகுநேரம் கழித்து.
"நாளைக்கு மழை வரும்போல."