துளை எண் 47

சிந்தாதிரிப்பேட்டை. கூவம் வளைகிற இடம்.
லாரி ஷெட்டுக்குப் பின்னால்
முக்காலி நட்டு மூன்று நாள்.

என் வேலை எழுதுவது:
எத்தனை மீட்டரில் என்ன மண்.
ஒன்று வரை இடிபாடு, பால் கவர், ஒரு செருப்பின் வார்.
மூன்று வரை கறுப்புச் சேறு.
அதன் நாற்றத்துக்குப் படிவத்தில் பத்தி கிடையாது.
நான்கரையில் ஆற்று மணல்,
யாரோ அள்ளிக் குடித்திருக்கக்கூடிய ஆற்றின்
வெள்ளை மணல்.

ஐந்து நாற்பதில் குழாய் திணறியது.
எபிநேசர் இன்ஜினை நிறுத்திக் காது வைத்தார்.
"பாறை இல்ல மேடம். வேற என்னமோ கடிக்குது."

வந்தது செங்கல்.
உமி எரிந்த ஓட்டைகள்.
காயுமுன்னே மிதித்துப்போன
மூன்று விரல் பள்ளம்;
நான்காவதைக் குழாய் அறுத்திருந்தது.

நாய், என்றேன்.
நரி, என்றார் எபிநேசர்.
"தெரு இருந்தாத்தானே தெருநாய்?"
ஜுகல் மாஜி எதுவும் சொல்லவில்லை.
தன் விரல்களை அந்தக் குழிகளில்
வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை.
துடைத்துக் கொடுத்தான்.

நிலமெடுப்புக் கோப்பில்
இந்த இடத்தின் தாய்ப்பத்திரம் இருக்கிறது.
'புத்தங்கோட்டத்து இடிசுவருக்கு மேற்கு,
ஆற்றுக்குத் தெற்கு'
என்று ஒரு துபாஷி வாங்கிய வெற்றிலைத் தோட்டம்.
அடுத்த பத்திரத்தில் மேட்டுக்கு மேற்கு.
அதற்கும் அடுத்ததில் மரக்கிடங்குக்கு மேற்கு.
தனக்கென ஒரு பத்திரம் இல்லாமல்
அடுத்தவர் நிலத்துக்கு எல்லையாக நின்றிருக்கிறது,
நிற்க முடிந்தவரை.

பள்ளியில்
(அதுவும் அவர்கள் விட்டுப்போன சொல்தான்)
மனப்பாடம் செய்தோம்:
தோன்றல் திரிதல் கெடுதல், விகாரம் மூன்று.
அவலட்சணத்துக்கும் அதே பெயரா என்று
கடைசி பெஞ்சில் சிரித்தோம்.
துறவிகள் மழைக்காலம் தங்கும் இடத்துக்கும்
அதே பெயர் என்பது
பரீட்சைக்கு வரவில்லை.

கன்சல்டன்ட் போனில் சொன்னார்:
"நிரப்பு மண்ணுனு போடுங்க.
தொல்லியலுக்குப் போனா ஆறு மாசம் போயிடும்."

குறிப்புப் பத்தி இரண்டு விரல் அகலம்.
எழுதினேன்:
5.40 – 5.62. செங்கல். மேலே ஒரு விலங்கு,
கிழக்கிலிருந்து, அவசரமாக.

குழாய்க்குள் எல்லாம் சுழன்றுதான் வரும்.
திசை எப்படித் தெரியும்?
கிழக்கு என் சேர்க்கை.
தோன்றல்.

சாயங்காலம் சிமென்ட் பால் ஊற்றி
துளையை அடைத்தோம்.
மரப்பெட்டியில் மீட்டர் மீட்டராக
மண் பள்ளிகொண்டிருந்தது.
ஆற்றுப்பக்கம் கொசு எழும்பியது.

கை கழுவிக்கொண்டே எபிநேசர் கேட்டார்,
"நாற்பத்தெட்டு எங்க மேடம்?"

வரைபடத்தை விரித்தேன்.
கிழக்கே.
பதினைந்து மீட்டர்.