அரைமணித்தியாலம்

மாங்குளம் சந்தி. விதை, உரக் கடைக்கு மேல்மாடி.
படியேறும்வரை பூச்சிமருந்து மணம்,
ஏறியபின் தலைமுடிச் சாயத்தின் மணம்.
வதனரூபியக்கா நீலக் கொப்பியைத் தந்தா.
வெட்டி, வெட்டியதற்கு மேல் எழுதி,
அதையும் வெட்டி ஓரத்தில் அம்புக்குறி போட்ட
ஒன்பது மாதப் பதிவுகள்.
"இதை முழுக்க உதுக்குள்ளை போடு" என்று
என் மடிக்கணினியைக் காட்டினா.

சேவைகளில் தொடங்கினோம்.
புருவம்: எத்தனை நிமிடம்?
"பத்துப் போதும். நாதினி வந்தால் இருபது,
அவவுக்கு வாய் மூடாது."
ஆளுக்காள் மாற்ற இதில் வழியில்லை, அக்கா.
"அப்ப பதினைஞ்சு."
மணப்பெண்: நாலு மணித்தியாலம்.
மணப்பெண்ணின் தாய்: கேட்காமலே வந்து இருப்பா, முக்கால் மணி.
அதையும் ஒரு சேவையாகச் சேர்த்தேன்.

இரண்டு பதிவுக்கு நடுவில் இடைவெளி வேண்டுமா என்று கேட்டது.
முடி கூட்டவேணும், கரண்ட் போனால் ஜெனரேற்றர் போடவேணும்,
ஒரு வாய் தேத்தண்ணி.
பத்து நிமிடம் என்றா.
அந்தப் பத்தும் நாட்காட்டியில் சாம்பல் நிறத்தில் வந்தது.
ஒருத்தராலும் பிடிக்க ஏலாத நேரம் என்றேன்.
"அப்பிடியும் ஒண்டு இருக்கே" என்று
திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தா.

விடுமுறைகளை அது தானாகவே இறக்கித் தந்தது.
போயாவுக்குத் திற. பொங்கலுக்குப் பின்னேரம் மட்டும் திற.
பிறகு மே மாதத்துக்குப் போகச் சொல்லிப்
பதினெட்டில் விரலை வைத்தா.
முழுநாளும் மூடு. ஒவ்வொரு வருசமும்.
காரணம் என்ற கட்டத்தில் கோடு மினுங்கி மினுங்கி நின்றது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
வெறுமையாக விட்டாலும் சேமிக்கிறது.

ஆவணியில் கலியாணம் வைத்திருக்கும் ஸ்காபரோப் பெண்ணுக்கு
இணைப்பை அனுப்பிப் பார்த்தோம். அங்கே இரவு இரண்டு மணி.
உடனே குரல்பதிவு வந்தது:
"விடிய நாலு மணி எண்டுதானே கதைச்சது?
இதிலை முதல்நாள் பின்னேரம் ஆறரை எண்டு நிக்குது.
நான் முதல்நாளே வெளிக்கிட்டு இருக்கிறதோ?"
நேர வலயத்தை மறந்துபோனேன்.
எங்கிருந்து பார்த்தாலும் இங்கத்தை மணியே தெரியும்படி பூட்டினேன்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.
"ஓமந்தையிலை இறங்கி, பையெல்லாம் கொட்டிக் காட்டி
அங்காலை போனால் அரைமணித்தியாலம் கூட.
ரண்டாயிரத்து மூண்டு. வவுனியாவிலை அழகுக்கலைப் பயிற்சிக்கு நேர்முகம்,
ஒன்பது மணிக்கு. என்ரை மணிக்கூட்டிலை எட்டு ஐம்பது.
கதவு பூட்டியாச்சு.
எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான். அண்டைக்கு மறந்திட்டன்.
எண்டாலும் நான் பிந்தேல்லைப் பிள்ளை,
அவையின்ரை மணிக்கூடு முந்திற்று."
கொஞ்சம் பொறுத்து,
"பிறகு ஒரு சித்திரையிலை அவையும் எங்கடை நேரத்துக்கு வந்திட்டினம்.
அதுக்குள்ளை மூண்டு வருசம்."

அடுத்த பக்கம்.
பிந்தினால்: பத்து நிமிடத்தில் தானாக ரத்து.
செயலியோடு வந்த இலக்கம் அது.
"அழி. முப்பது போடு."
அக்கா, ஒராள் பிந்தினால் பின்னால் உள்ள எல்லாம் வழுகும்,
நாலு மணிப் பதிவு ஆறுக்குப் போய் நிற்கும்.
"வழுகட்டும்."

வாடிக்கையாளருக்குப் போகும் செய்தியை
அவ சொல்லச் சொல்ல அடித்தேன்.
'பிந்தினால் ஒரு சொல் சொல்லுங்கோ. இருக்கிறம்.'

கடைசியில் என் பெயரில் ஒரு பொய்ப் பதிவு:
இளவேனி, புருவம், பன்னிரண்டு மணி.
மேசையில் என் போன் அதிர்ந்தது.
"சரி, கதிரையிலை ஏறு."
சோதனைக்குப் போட்டது, அக்கா.
"பதிவு எண்டால் பதிவு."
நூலைப் பல்லில் கடித்தபடி
சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தா.
பன்னிரண்டு ஏழு.